தசைநார்களை அளக்கக் கணினியைப் பழக்கியபோது

கொழும்பில், பொரளைப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். எலியின் வன்கூட்டுத் தசையைக் குறுக்காக வெட்டி, ஒவ்வொரு தசைநாரின், அதாவது தசையை ஆக்கும் நீண்ட கலத்தின், பருமனையும் அளக்க வேண்டும். ஒரு வெட்டிலேயே நூற்றுக்கணக்கான நார்கள் இருக்கும். நுணுக்குக்காட்டிப் படத்தைத் திரையில் விரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கையால் கோடு கீறுவதே இங்கே வழக்கம். கண் சோர்வதைக்கூடப் பொறுக்கலாம். ஒரே படத்தை நானும் தோழியும் அளந்தால் எண்கள் ஒத்துவராததுதான் என்னை உறுத்தியது.

முதலில், படங்களை அளக்கும் ஃபிஜி மென்பொருளில், வெளிச்ச வேறுபாட்டைக் கொண்டு எல்லை பிரித்துப் பார்த்தேன். நாரைச் சுற்றியுள்ள லமினின் புரதத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றினால் படம் தேன்கூடாகத் தெரியும். ஆனால் கோடு ஓரிடத்தில் மங்கினாலும் போதும், அடுத்தடுத்த இரண்டு நார்களும் ஒன்றாகிவிடும். 2021இல் வெளிவந்த செல்போஸ் இங்கேதான் கைகொடுத்தது. பலவகைக் கலங்களின் படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட நிரல் அது. கோடு அறுந்த இடத்திலும் பெரும்பாலும் எல்லையைப் பிடித்துவிடுகிறது. நாரின் சராசரி விட்டத்தைச் சரியாகக் கொடுப்பது முக்கியம்: மிகச் சிறிதாகக் கொடுத்தால் பெரிய நார்கள் துண்டாகும். 2022இல் வந்த இரண்டாம் பதிப்பில், அது கீறியதை நாமே திருத்தி, அந்தத் திருத்தங்களைக் கொண்டே மீண்டும் பழக்கலாம். எங்கள் படங்களுக்கு அதுவே பெரிய உதவி.

இதில் இறங்க விரும்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வெட்டுவதற்கு முன் தசையை எப்படி உறையவைத்தீர்கள் என்பதைத்தான். திரவ நைதரசனில் நேரே போட்டால் தசையைச் சுற்றி வாயுப் படலம் சூழ்ந்து உறைதல் தாமதமாகும். பனிப்பளிங்குகள் நாருக்குள் துளையிடும். நைதரசனால் குளிரூட்டிய ஐசோபென்டேன் திரவத்தில் அமிழ்த்துவது அதற்காகவே. கொழும்பின் ஈரக்காற்றுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். தசை வெட்டுகளை ஏற்றிய கண்ணாடி வழுக்கிகளின் பெட்டியை உறைபெட்டியிலிருந்து எடுத்தால், அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் கண்ணாடியில் நீர் படிந்துவிடும்.

பரப்பளவை மட்டும் அறிக்கையிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வெட்டு சரிந்தால் வட்டமான நாரும் நீள்வட்டமாகும். 60 பாகை சரிந்தால் பரப்பு இரட்டிப்பாகும். நாரின் ஆகக் குறுகிய அகலமான சிறும ஃபெரே விட்டம் அப்படி ஏமாற்றுவதில்லை. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

படத்தின் ஓரத்தில் அறுபட்ட நார்களையும், நிரல் நாரென்று எண்ணிக்கொண்ட இரத்தக்குழாய்களையும் நீக்கியே ஆக வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்பவருக்கு எந்தப் படம் எந்த எலிக் குழுவினது என்பது தெரியக் கூடாது. தோழி கோப்புகளின் பெயர்களை மாற்றித் தருகிறார். முடிவுகள் வரும்வரை சாவிப்பட்டியல் அவரிடமே இருக்கிறது. ஹெமட்டொக்சிலின், இயோசின் சாயமிட்ட பழைய வழுக்கிகளில் எல்லைகள் அவ்வளவு தெளிவில்லை. அவற்றுக்கென ஒரு கணினி மாதிரியைத் தனியாகப் பழக்கத் தொடங்கியிருக்கிறேன்.