பம்பைத் திருப்பி ஓட்டினா கரண்டு

கோயம்புத்தூர்ல செய்யற சாதாரண பம்புக்குள்ள ஓடைத் தண்ணிய மேலிருந்து குழாய்ல எதிர்ப்பக்கமா விட்டா, உள்ள இருக்கற இம்பெல்லர்ங்கற சக்கரம் தலைகீழாச் சுத்தும்; மோட்டாரே கெப்பாசிட்டரோட சேர்ந்து ஜெனரேட்டர் ஆயிருமுங்க. நொடிக்கு 50 லிட்டர், 20 மீட்டர் இறக்கம் இருந்தாப் போதும். பாதி வீணாப் போனாலும் 5 கிலோவாட் கிட்ட வரும். நாப்பது வீட்டுக்கு லைட்டு, ஃபேன் ஓடும். அணை வேண்டாம்.

1932ல நீலகிரி பைக்காரா ஆத்துத் தண்ணியில எடுத்த கரண்டு வந்துதானுங்க நம்ம மில்லும் பட்டறையும் பெருகுச்சு. மலைத்தண்ணி நமக்குக் குடுத்த வாழ்வு அது. காட்டுக்குள்ள கம்பி இழுக்கச் சிரமமான பதிகளுக்கு, அதாவது பழங்குடி ஊருகளுக்கு, நாம இதைச் செஞ்சு குடுத்தே ஆகணும்.

சித்திரையில ஓடை வத்தும், அதுக்கு சோலார் சேத்துக்கலாம். குழாய் வாயில சருகு அடைக்கும். தினமும் வழிச்சுவிட அந்த ஊர் ஆளுக்கே சம்பளம் போட்டுக் குடுங்க. பல திட்டம் அங்கதான் நின்னு போகுது.

பம்பு பட்டறை வெச்சிருக்கறவங்க இன்பாக்ஸ்ல வாங்க, பேசலாம்.