முதல் கீமோவுக்கு முன் 19 நாட்கள்

கட்டு மாற்றும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. இடது மார்பில் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பெங்களூருக்குப் போய்வர உடம்பில் தெம்பில்லாததால் தருமபுரியிலேயே கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பஞ்சால் துடைத்துக்கொண்டே அந்தச் செவிலியர் கேட்டார்: "இன்னும் கல்யாணம் ஆகவில்லையே அம்மா, கருமுட்டை எடுத்து வைப்பதைப் பற்றி யாராவது சொன்னார்களா?"

யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் ஏழெட்டு மருத்துவர்களைப் பார்த்திருந்தேன். முடி கொட்டும், வாந்தி வரும், வெள்ளை அணு குறையும் என்றெல்லாம் சொன்னார்கள். 27 வயதுப் பெண்ணுக்குக் கீமோ மருந்து சினைப்பையை என்ன செய்யும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதே தெரியாதபோது எப்படிக் கேட்பது?

அன்றிலிருந்து முதல் கீமோவுக்கு 19 நாட்கள் இருந்தன.

அன்று இரவே என் புற்றுநோய் மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் மறைக்காமல் சொன்னார். எனக்குத் தரப்போகும் மருந்துகளில் ஒன்று சைக்ளோபாஸ்பமைடு. அது சினைப்பையில் இருக்கும் முட்டைகளை நேரடியாக அழிக்கக்கூடியது. ஒரு பெண் பிறக்கும்போதே அவளுக்கான முட்டைகள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன, புதிதாக உண்டாவதில்லை. எவ்வளவு அழியும், எவ்வளவு மிஞ்சும் என்பது வயதையும் மருந்தின் அளவையும் பொறுத்தது. "அறுவை சிகிச்சைக்கும் கீமோவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் உனக்குக் கிடைத்த நேரம். நாளைக்கே போ. கடிதம் தருகிறேன்" என்றார். அந்தக் கடிதம் மிக முக்கியம். என்ன வகைக் கட்டி, ஹார்மோனுக்கு வளரும் தன்மை உண்டா, கீமோ தேதி என்ன, முட்டையை எடுக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கலாமா என்று நான்கு வரியில் எழுதியிருந்தார். கருத்தரிப்பு மையத்தில் முதலில் கேட்டது அதைத்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பாலக்கோட்டிலிருந்து அப்பாவும் நானும் பஸ் ஏறினோம். ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர். அங்கே நெரிசலில் சிக்கி, மையத்தை அடைய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. தையல் போட்ட பக்கம் குலுங்காமலிருக்க அப்பா தன் துண்டை மடித்து அக்குளில் வைத்துவிட்டார்.

அங்கே ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். சினைப்பையில் முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று அதிலிருந்து கணிக்கிறார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். சேமிப்புத் தொட்டியில் வைப்பதற்கு அது கட்டாயம். மாதவிலக்கு வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்குமோ என்று பயந்திருந்தேன். தேவையில்லை, புற்றுநோயாளிகளுக்கு எந்த நாளிலும் ஊசியைத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். என் கட்டி ஹார்மோனுக்கு வளரும் வகை என்பதால் ஊசிகளோடு லெட்ரோசோல் மாத்திரையும் தந்தார். முட்டைகளை வளர்க்கும்போது உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறாமல் அது பார்த்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு வேறு பயம். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கீழ்வழியாகக் கருவி வைத்துப் பார்ப்பார்களாமே, நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால்? அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் ஊரில் வளர்ந்த எந்த அம்மாவுக்கும் அது வரும். மருத்துவரிடம் நேராகக் கேட்டோம். ஸ்கேன் எல்லாம் வயிற்றின் மேலேயே செய்துகொள்ளலாம், முட்டையை எடுக்கும் அன்று மட்டும் மயக்கம் கொடுத்துக் கீழ்வழியாக எடுப்போம் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உயிர் பிழைத்து வந்த பிறகு, ஏன் செய்யவில்லை என்று இவள் எங்களைக் கேட்கக் கூடாது பாருங்கள்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை தடுக்கவில்லை.

இனி ஊசிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 11 நாள், தினமும் மாலை ஏழு மணிக்கு, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலுக்கடியில் போட வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். எங்கள் குடும்பம் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். மல்பெரித் தோட்டம், புழு மனை, ஈரத்துணி, வெப்பமானி என்றே அப்பாவின் வாழ்நாள் கழிந்திருக்கிறது. மையத்தில் ஐஸ் பெட்டியைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாலக்கோடு போகும்வரை இந்த ஐஸ் தாங்குமா?" ஓசூரில் இறங்கி ஒரு கடையில் மறுபடியும் ஐஸ் வாங்கி, மருந்தில் நேரடியாகப் படாமல் இடையில் துணி வைத்து அடுக்கினார். வீட்டுக்கு வந்ததும் புழு மனைச் சுவரில் தொங்கிய வெப்பமானியைக் கழற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். இரவில் இரண்டு முறை எழுந்து திறந்து பார்ப்பார். "ஐந்து. சரியாக இருக்கிறது பாப்பா" என்று இருட்டில் சொல்லிவிட்டுப் போவார். பட்டு முட்டையைக் குளிரில் நிறுத்திவைத்து, வேண்டும்போது வெளியே எடுத்துப் பொரிக்க வைப்பது அவருக்குத் தெரிந்த விஷயம். ஆகவே முட்டையை உறைய வைப்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சொல்லப்போனால் அவர்தான் அம்மாவுக்கு விளக்கினார்.

செவிலியர் கேட்ட நாளிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள், 11ஆம் நாள், 14ஆம் நாள் என மூன்று முறை ஸ்கேனுக்காக மட்டும் பெங்களூர் போனோம். ஒவ்வொரு முறையும் ஸ்கேன் அறையில் இருந்தது பத்து நிமிடம். 14ஆம் நாள் இரவு பத்து மணிக்கு, முட்டைகளை முதிர வைக்கும் கடைசி ஊசி. அதைப் போட்ட 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்க வேண்டும். 16ஆம் நாள் காலை மயக்கம் கொடுத்தார்கள். விழித்தபோது அடிவயிறு கனமாக இருந்தது, மாதவிலக்கு வலியைப் போல. 12 முட்டைகள் கிடைத்தன, அவற்றில் முதிர்ந்த 9 முட்டைகளை உறைய வைத்தார்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் அவை இருக்கின்றன. 9 முட்டை 9 குழந்தை ஆகாது, ஒன்றுகூட ஆகாமலும் போகலாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி: நான் இறந்துவிட்டால் முட்டைகளை என்ன செய்ய வேண்டும்? அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா? பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் புற்றுநோய் என்று சொன்ன நாளில்கூட நான் அப்படி உட்காரவில்லை. கடைசியில் ஆராய்ச்சிக்கு என்று குறித்தேன்.

செலவு ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டியது. ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் தனி. புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கைகொடுத்த காப்பீட்டு அட்டை இதற்கு உதவவில்லை. இரண்டு அறுவடைப் பட்டுக்கூட்டுப் பணமும் அம்மாவின் சங்கிலியும் போயின. எங்களிடம் விற்க ஏதோ இருந்தது.

19ஆம் நாள் கீமோ தொடங்கியது. 28 நாளுக்கு ஒருமுறை சினைப்பையை உறங்க வைக்கும் ஊசியும் போட்டார்கள். அது கூடுதல் பாதுகாப்பு மட்டும்தான், முட்டையைச் சேமிப்பதற்கு மாற்று ஆகாது.

கீமோ வார்டில் பக்கத்துப் படுக்கையில் காரிமங்கலத்துப் பையன் ஒருவன் இருந்தான். 22 வயது, விரையில் புற்றுநோய். அவனுக்கு இரண்டு சுற்று முடிந்திருந்தது. நான் என் கதையைச் சொன்னபோது, "ஆண்களுக்கும் இப்படி உண்டா அக்கா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆண்களுக்கு ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. கீமோவுக்கு முன் ஓரிரு நாள் விந்து மாதிரி கொடுத்தால் போதும், உறைய வைத்துவிடலாம். உறைய வைத்த விந்தில் கரு உண்டானது 1953லேயே நடந்துவிட்டது. அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கீமோ முடிந்து சில ஆண்டுகளில் பலருக்கு விந்தணு திரும்பவும் உற்பத்தியாகும் என்பது உண்மை, அதை அவனிடம் சொன்னேன். சிலருக்கு ஆகாது என்பதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் வழி இருக்கிறது. சினைப்பைத் திசுவையே எடுத்து உறைய வைத்து, பிறகு திரும்ப வைக்கிறார்கள். அப்படி வைத்த திசுவால் 2004இல் பெல்ஜியத்தில் ஒரு குழந்தை பிறந்தது. தருமபுரியில் ஒரு தாய்க்கு இது எந்தச் சுவரொட்டியிலிருந்து தெரியும்?

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் 2022 முதல். முட்டையை எடுக்கவும் உறைய வைக்கவும் ஆய்வகம் வேண்டும், அது பெரிய ஊரில் இருக்கட்டும். ஆனால் நான் மையத்துக்குப் போன ஐந்து முறையில் மூன்று முறை வெறும் ஸ்கேனுக்காக. அந்த ஸ்கேனைத் தருமபுரியிலேயே எடுத்து முடிவை அனுப்பியிருக்கலாம். ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டிருக்கலாம். புற்றுநோய் உறுதியானதும் எழுதும் சீட்டில், "குழந்தைப்பேறு பற்றிப் பேசப்பட்டதா?" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். இவை மூன்றையும் எழுதித் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அந்தச் செவிலியர்தான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். 24 வயது, வியாழக்கிழமை முதல் கீமோ. மருத்துவரிடம் கடிதத்தில் என்ன நான்கு வரி கேட்க வேண்டும் என்று சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை மாலை மறுபடி அழைத்தாள். கீமோவை இரண்டு வாரம் தள்ளிவைக்கலாம் என்று அவளுடைய மருத்துவர் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா பரண்மேல் ஏறி ஐஸ் பெட்டியை இறக்கி, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார்.