நிறுவும்போதே தெரிவு செய்ய விடுங்கள்

வன்னியில் பழைய கணினியொன்றுக்கு இயங்குதளம் நிறுவுபவரிடம், எந்த மென்பொருள் தொகுதிகள் வேண்டும் என்று நிறுவியே (நிறுவலை நடத்தும் நிரலே) கேட்பது பெரிய உதவியாகும். லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் நிறுவி, க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ முதலிய பணிச்சூழல்களை (திரையின் தோற்றமும் பட்டிகளும் அடங்கிய தொகுதிகளை) பட்டியலிட்டு, விரும்பியதை மட்டும் குறியிட விடுகிறது; நினைவகம் குறைந்த கணினிக்கு என் தெரிவு எப்போதும் எக்ஸ்எஃப்சிஇ தான். இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு, 2018 இல் வெளிவந்த 18.04 பதிப்பில் குறைந்தபட்ச நிறுவலைச் சேர்த்தது நல்லதே, ஆயினும் முழுமை, குறைவு என்ற இரண்டோடு அது நின்றுவிட்டதால், அலுவலக மென்பொருளான லிப்ரே ஒபிஸ் வேண்டும், விளையாட்டுகள் வேண்டாம் என்கிற மல்லாவி ஆசிரியருக்கு அது போதவில்லை. டெபியனின் டிவிடி படிமத்தை (நிறுவல் வட்டு முழுவதும் அடங்கிய ஒரே கோப்பை) வவுனியாவில் தரவிறக்கி யூஎஸ்பியில் கொண்டுவந்தால், கைபேசி டேட்டாவைக் கரைக்காமல், இணையமே இல்லாத இடத்திலும் பணிச்சூழலோடு சேர்த்து நிறுவிவிடலாம்.