பதினொரு வீடுகளின் சத்தம்

நான் ஒலி வடிவமைத்த முதல் பேய்ப்படத்தில் பேய் ஒரு முறைகூடத் திரையில் வராது. கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி ஒரு தீவு, அதில் பதினொரு வீடுகள், வாரத்துக்கு ஒரு படகு. சில இரவுகளில் யாரோ ஒரு வீட்டின் கதவை மூன்று முறை தட்டுவார்கள். விடிந்தால் அந்த வீட்டில் ஆள் இருக்காது. ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

பேய் கண்ணில் படாது என்றால் காதில் விழ வேண்டும், அது என் வேலை என்று நினைத்துக்கொண்டு நிறையப் படித்தேன். அப்போதுதான் விக் டேண்டி என்ற பிரிட்டிஷ் பொறியாளரைப் பற்றித் தெரிந்தது. அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பேய் இருப்பதாகப் பேச்சு. ஒரு நாள் இரவு தனியாக இருந்தபோது அவருக்கும் உடம்பு வியர்த்து, கடைக்கண்ணில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஓர் உருவம் தெரிந்திருக்கிறது. மறுநாள், பொருளை இறுக்கிப் பிடிக்கும் பிடிசிராவியில் மாட்டியிருந்த வாள்வீச்சு விளையாட்டு வாளின் அலகு தானாக அதிர்வதைப் பார்த்தவர் காரணத்தைத் தேடினார். புதிதாகப் பொருத்திய ஒரு மின்விசிறி ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸ் அதிர்வை, அதாவது நொடிக்குப் பத்தொன்பது முறை அதிரும் ஒலியை, அறைக்குள் நிரப்பிக்கொண்டிருந்தது. மனிதக் காது பொதுவாக 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. விசிறியை நிறுத்தியதும் அந்த உணர்வும் போய்விட்டது. 1998-இல் அவர் இதைக் கட்டுரையாகவே எழுதினார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே 19 ஹெர்ட்ஸைக் கதவு தட்டும் காட்சியில் வைத்தேன். ஆனால் பெரும்பாலான திரையரங்கு ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே இறங்கவே இறங்காது. சரி என்று கேட்கக்கூடிய உறுமலைப் போட்டேன். தண்ணீர் ஊற்றி வில்லால் வாசிக்கும் வாட்டர்ஃபோனைச் சேர்த்தேன். தட்டும் சத்தத்தை இடி மாதிரி ஆக்கினேன்.

போட்டுக் காட்டியபோது யாருக்கும் பயம் வரவில்லை. எல்லாச் சத்தங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கும் மிக்ஸிங் பொறியாளர் என்னைவிட மிகவும் மூத்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசா?"

"இல்லை சார்."

"அப்புறம் எதுக்கு நீ மட்டும் புதுசா அலறுற?"

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்விதான் மனதில் ஓடியது. தனித்துக் கிடக்கும் ஊரை வைத்து எடுக்கும் கதைகளில் பயம் வெளியிலிருந்து வருவதாக நினைத்திருந்தேன். உண்மையில் அது, தட்டும் சத்தம் கேட்டும் திரும்பாத தலைகளில் இருக்கிறது. படகு வராத ஆறு நாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாழ வேண்டியவர்கள் எதையெல்லாம் கேட்காத மாதிரி இருப்பார்கள்?

உறுமல், இடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு சத்தம் என்று பதினொரு டிராக் செய்தேன். ஒரு வீட்டில் இருமல், ஒன்றில் விறகு பிளப்பது, ஒன்றில் கீல் தேய்ந்த கதவு, கடைசி வீட்டில் தொட்டில் கயிறு. கதவு தட்டப்படும்போது எல்லா வீடுகளும் ஒவ்வொன்றாக அடங்கும். தட்டும் சத்தம் சாதாரணமாக, யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருக்கும். பிறகு இருமல் திரும்ப வரும், கீல் திரும்ப வரும். ஒரு வீடு மட்டும் திரும்பாது. அதற்குப் பிறகு படம் முழுவதும் அந்த டிராக் கிடையாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சத்தத்தைச் சுத்தமாக அறுத்துவிட்டால் ஸ்பீக்கர் கெட்டுப்போனதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆளில்லாத அறைக்கும் ஓர் ஓசை இருக்கிறது. நாங்கள் அதை ரூம் டோன் என்போம், படப்பிடிப்பு இடத்தில் எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்துப் பதிவு செய்வோம். அமைதி தேவைப்பட்ட இடங்களில் எல்லாம் அதைத்தான் அடியில் ஓடவிட்டேன். ஒரு டிராக் குறைந்ததை யாரும் சுட்டிச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை போட்டுக் காட்டியபோது, பாதிப் படத்துக்கு மேல் அறையில் ஒருவரும் நாற்காலியில் அசையவில்லை.

கடைசி மிக்ஸிங் நாளில் தொட்டில் மட்டும் மிச்சம். அதை நான்தான் இறக்க வேண்டும். சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரில் விரலை வைத்துக்கொண்டு அந்த இடத்தை இரண்டு முறை தவறவிட்டேன். மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறையும் பின்னால் ஓட்டிக் கொடுத்தார். மூன்றாம் முறை இறக்கினேன். காற்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.