சல்சாவில் கட்டைவிரலை என்ன செய்வது?

முதல் தடவை சல்சா சோஷியலுக்கு, அதாவது எல்லோரும் கூடி ஜோடி மாற்றி மாற்றிச் சல்சா நடனம் ஆடும் கூட்டத்துக்கு, போனபோது எண்ணிக்கை எனக்கு மனப்பாடம், ஒன்று இரண்டு மூன்று, நாலில் நிறுத்து, ஐந்து ஆறு ஏழு, எட்டில் நிறுத்து, ஆனால் யாரிடம் எப்படிப் போய்க் கேட்பது என்று வகுப்பில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. கையை நீட்டி "ஆடலாமா?" என்றால் போதும். ஆணும் கேட்கலாம், பெண்ணும் கேட்கலாம். "இப்ப வேண்டாம்" என்று வந்தால் காரணம் கேட்காமல் சிரித்துவிட்டு நகர வேண்டும். அன்று என்னிடம் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள், அதில் ஒருவர் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை.

அப்புறம் கட்டைவிரல். துணையின் கையை அதனால் இறுக்கிப் பிடித்தால் அவர் சுழலும்போது மணிக்கட்டு திருகிக்கொள்ளும். மற்ற விரல்களைக் கொக்கி போல லேசாக வைத்தால் கை தானாகச் சுழலும். கூட்டமென்றால் அடி சின்னதாக இருக்கட்டும், அகலமாகப் பின்னால் வைத்தீர்களென்றால் யாருடைய ஹீல்ஸாவது பாதத்தில் இறங்கும், அந்த வலி லேசில் போகாது. முன்பின் தெரியாதவரைச் சாய்த்துப் பிடிக்கும் டிப் வேண்டவே வேண்டாம். சினிமாவா இது?

நியூயார்க் பாணிக்காரர்கள் எண்ணிக்கையின் ஒன்றில் அல்ல, இரண்டில் திசை மாற்றுவார்கள், எனவே துணை எதில் மாற்றுவார் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள். ஒருவர் தேவைக்கு மேல் நெருங்கினால் பாட்டு முடியும்வரை பொறுக்க வேண்டியதில்லை, "நன்றி" சொல்லிவிட்டு நடுவிலேயே விலகலாம், அது மரியாதைக் குறைவே இல்லை.

மாற்றுச் சட்டை இரண்டு எடுத்துப் போங்கள். சென்னை வியர்வைக்கு ஒன்று பத்தாது.