பாலத்தை இறக்கு

"அப்பா, பாலத்தை இறக்கு! தண்ணி கேன் அண்ணா வந்திருக்காரு!"

பெரம்பூர் வீட்டுக் கூடத்தில் டூப்ளோ கோட்டை, அதாவது சின்னப் பிள்ளைகளுக்கான பெரிய லெகோ கட்டைகளால் ஆன கோட்டை, எழும்பியிருக்கிறது. வாசலில் வாளோடு குதிரை வீரர்கள். மகள் அவர்களை ஒதுக்கிவிட்டு, கேன் அண்ணாவை உள்ளே விடுகிறாள்.

கோட்டை என்றதும் எனக்கு முற்றுகைதான் ஞாபகம் வரும். அவளுக்கு அது நாலு பேர் வந்துபோகிற வீடு. எவ்வளவு அழகாக யோசிக்கிறாள்!

1969-இல் வந்த கட்டைகள் இவை. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரண லெகோவைப் போல இரண்டு மடங்கு. சின்னக் கை பிடிக்க வாகான அளவு. ஆனாலும் சின்ன லெகோவோடு பொருந்தும். பிள்ளை வளர்ந்தாலும் வீணாகாது.

"அகழின்னா என்னப்பா?" என்றாள்.

வேலூர்க் கோட்டையைச் சுற்றி இன்றும் தண்ணீர் நிற்கிறதே! காட்பாடிக்கு ரயில் பார்க்கிறேன்.