பெல் அடிக்க ஏலாத ஆக்களை எப்பிடிப் பாக்கினம்? கனடா ஸ்காபரோ நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 8, சனி

அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஒப்பரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா தனிய எழும்ப ஏலாது, மறதியும் கூடிப்போச்சு. ஆஸ்பத்திரி சோஷல் வேர்க்கர் இண்டைக்கு எங்களை இருத்திவைச்சுக் கதைச்சவா. இனி வீட்டில வைச்சுப் பாக்கிறது கஷ்டம், லோங் டேர்ம் கெயருக்கு, அதாவது ஏலாத ஆக்களை நிரந்தரமா வைச்சுப் பாக்கிற ஹோமுக்கு, விண்ணப்பியுங்கோ, ஐஞ்சு ஹோம் வரைக்கும் எழுதிக் குடுக்கலாம் எண்டா. 2022இல வந்த சட்டத்தின்ர படி நாங்கள் எழுதாத ஹோமுக்கும், 70 கிலோமீற்றருக்குள்ள எண்டா, எங்கட சம்மதம் இல்லாமலே அவை விண்ணப்பிக்கலாமாம், இடம் வந்து டிஸ்சார்ஜ் பண்ணின பிறகும் போகாட்டி ஒரு நாளைக்கு 400 டொலர். தம்பிக்குச் சரியான கோவம். எனக்குக் கோவப்பட நேரமில்லை, அந்த ஐஞ்சையும் சரியாத் தெரிவு செய்யவேணும்.

கோல் பண்ணிக் கேட்டா எல்லாரும் "அது நல்ல ஹோம், புதுக் கட்டடம், வெள்ளிக்கிழமையில பஜனை நடக்குது" எண்டுதான் சொல்லுகினம். அதெல்லாம் நல்லதுதான். ஆனா இரவு ரெண்டு மணிக்கு அம்மா பெல் அடிச்சுக் கூப்பிட ஏலாமல் நனைஞ்சுபோய்க் கிடந்தா ஆர் வருவினம்? அதை ஒருதராலயும் சொல்ல ஏலேல்ல.

பெப்ரவரி 11, செவ்வாய்

எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில ஒவ்வொரு ஹோமின்ர இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போட்டும் ஆரும் பாக்கக்கூடிய மாதிரி மினிஸ்ட்ரி இணையத்தில போடுது, ஹோமுக்குள்ளயும் ஒட்டி வைக்கவேணும். ராத்திரி முழுக்க அதைத்தான் வாசிச்சன். வாசிக்க வாசிக்க ஒண்டு விளங்கிச்சுது, ஒருக்கா பிழை பிடிபட்டது எண்டுறதை வைச்சு ஒரு ஹோமைத் தள்ளிவிடக் கூடாது. அதே பிழை அடுத்த ரிப்போட்டிலயும் அதுக்கடுத்ததிலயும் வருதா எண்டுதான் பாக்கவேணும். நான் பாத்த ஒரு ஹோமில ரெண்டு பேர் சேந்து தூக்கவேண்டிய ஆளை ஒராள் தனியத் தூக்கினதா திரும்பத் திரும்ப எழுதியிருக்கு. அது தூக்கின ஆளின்ர கவலையீனம் இல்லை, ரெண்டாவது ஆள் இல்லை எண்டுதான் அர்த்தம். அந்த ஹோமை வெட்டினன்.

கனடிய சுகாதாரத் தகவல் நிறுவனமும் ஹோம் ஹோமா கணக்குப் போடுது: விழுந்த ஆக்கள், படுக்கைப் புண் மோசமான ஆக்கள், கட்டி வைக்கப்படுற ஆக்கள், மனநோய் எண்டு ஒண்டும் இல்லாமலே அன்ரி-சைக்கோற்றிக் குளிசை குடுபடுற ஆக்கள். இந்தக் கடைசிக் கணக்கை ஆரும் பாக்கிறேல்ல, நான் முதல்ல பாத்தது அதைத்தான். மறதி வந்த ஆக்கள் கத்துவினம், எழும்பி நடப்பினம், உடுப்பு மாத்த விடமாட்டினம். பக்கத்தில இருந்து ஆறுதல்படுத்த ஆள் இல்லாட்டி குளிசை குடுத்து அமத்துறது லேசு. ஆனா அந்தக் குளிசையால விழுகிறது கூடும், பக்கவாதமும் வரலாம், மறதி உள்ள வயசானவைக்கு உயிருக்கே ஆபத்து. எங்கட அம்மா தமிழில மட்டும்தான் கத்துவா. அவா "ஒண்டுக்குப் போகவேணும்" எண்டு கத்துறதை குழப்படி எண்டு எழுதிப்போட்டு மருந்து குடுத்தா நாங்கள் எப்பிடி அறியிறது?

பெப்ரவரி 16, ஞாயிறு

ஹோமைச் சுத்திக் காட்டுற ரூர் எண்டா கிழமை நாளில பகல் பதினொரு மணிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவினம். முன் ஹோலில பூச்சாடி, பியானோ, சேர்ட்டிபிக்கட். அதையும் பாத்தன். ஆனா இண்டைக்கு, தெரிஞ்ச ஒரு அக்கா தன்ர மாமியைப் பாக்கப் போகேக்க நானும் சேந்து போனன், ஞாயிறு பின்னேரச் சாப்பாட்டு நேரம்.

சாப்பாட்டு அறையில ஒரு பிஎஸ்டபிள்யூ பிள்ளை (குளிப்பாட்டி, உடுப்பு மாத்தி, சாப்பாடு தீத்துற பராமரிப்பு வேலைக்காரர்), ஒரு மேசையில மூண்டு பேருக்குத் தீத்துறா. நிண்டுகொண்டுதான் தீத்துறா, கரண்டி மேல இருந்து கீழ வருது, வாங்கிற ஆள் கழுத்தை அண்ணாந்துதான் வாயைத் திறக்கவேணும். விழுங்கக் கஷ்டப்படுற ஆளுக்கு அப்பிடித் தீத்தினா நெஞ்சுக்குள்ள போய் நியூமோனியா வரலாம். அந்தப் பிள்ளையில பிழை சொல்ல மனம் வரேல்ல, இருந்தா மற்ற ரெண்டு பேரின்ர சாப்பாடும் ஆறிப்போம். மூலையில சக்கரக் கதிரையில ஒரு வயசுபோன ஐயா, அவருக்கு விழுங்க லேசா இருக்கத் தடிப்பாக்கின யூஸ் வைச்சிருக்கு, ஆனா கப் மேசைக்கு நடுவில. கை எட்டாது. நாங்கள் இருந்த முக்கால் மணித்தியாலமும் அது அப்பிடியே இருந்துது, பிறகு ட்ரேயோட சேத்து எடுத்துக்கொண்டு போச்சினம். சார்ட்டில எத்தினை மில்லி குடிச்சார் எண்டு எழுதுவினமோ?

2020 மே மாசம் ஆமிக்காரர் ஒன்ராறியோவில ஐஞ்சு ஹோமுக்குள்ள உதவிக்குப் போய் எழுதின ரிப்போட்டை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பியள், கரப்பான் பூச்சி, மாத்தாத பம்பேர்ஸ், கூப்பிடக் கூப்பிட ஒருதரும் வராதது எண்டு. அது கொரோனாக் காலம், இப்ப நிலைமை வேற எண்டுவினம். ஓம், வேறதான். எண்டாலும் கை எட்டாத கப் ஒரு ரிப்போட்டிலயும் வராது, அதை நாங்கள்தான் போய்ப் பாக்கவேணும்.

மார்ச் 3, திங்கள்

இண்டைக்கு வேற ஹோம், டைரக்டரோட கதைச்சன். கேள்வியளை எழுதிக்கொண்டு போனன். அரசாங்கம் சொல்லுற, ஒராளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலக் கவனிப்பு இந்த மார்ச் 31ஓட வரவேணும், ஆனா அது மாகாணம் முழுக்கப் போட்ட சராசரி, அதனால உங்கட ஹோமின்ர கணக்கு என்ன எண்டு கேட்டன். பிறகு இந்த மாடியில 32 பேருக்கு பின்னேரம் எத்தினை பேர், இரவு எத்தினை பேர், ஒராள் சுகயீனம் எண்டு சொன்னா அந்த இடத்துக்கு ஏஜென்சி ஆள் வருவினமா இல்லாட்டி இருக்கிறவை பகிருறதா. பகல் நாலு, பின்னேரம் மூண்டு, இரவு ரெண்டு எண்டு மழுப்பாமல் சொன்னா, ஆள் குறைஞ்ச நாளில முதல்ல குளிப்புத்தான் தள்ளிப்போகும் எண்டும் தானே சொன்னா. கிழமைக்கு ரெண்டு குளிப்பு எண்டுறது சட்டம், அதைத் தள்ளினா அடுத்த நாள் கட்டாயம் செய்விப்பம் எண்டா. உண்மை சொல்லுற ஆளெண்டு எனக்குப் பட்டுது.

மேல போய்ப் பாக்கேக்க ஒரு பிஎஸ்டபிள்யூ ஸ்டூலில இருந்து, கண்ணுக்கு நேரா பாத்துத் தீத்திக்கொண்டிருந்தா. சுவரோரமா அந்த மாதிரி ஸ்டூல் கனக்க இருந்துது. இந்த ஹோமை முதலாவதா எழுதிக் குடுத்தாச்சு.

மார்ச் 22, சனி

இடம் கிடைச்சு அம்மாவைக் கொண்டுவந்து விட்டாச்சு. ரெண்டு பேர் இருக்கிற அறை, மாசம் 2000 டொலருக்குக் கொஞ்சம் மேல. உடுப்பெல்லாத்திலயும் பேர் ஒட்டினம். கட்டிலுக்கு மேல தண்ணி, நோகுது, ஒண்டுக்கு, குளிருது எண்டு தமிழ்ச் சொல்லுகளை உச்சரிப்போட எழுதி ஒட்டினன். பின்னேர ஷிப்ட் பிலிப்பினோப் பிள்ளை எனக்கு முன்னாலயே "தண்ணி, அம்மா?" எண்டு கேட்டுக் குடுத்தா. சந்தோஷமாத்தான் வீட்டை வந்தன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப்பிறப்பு. பால்சோறு கொண்டுபோனன். அம்மாவின்ர வளையல் கையில நிக்குதில்லை, கழண்டு விழுகுது. நேசிட்ட நிறுவை கேட்டன், வரேக்க 51.3 கிலோ, இப்ப 47.9. ஒரு மாசத்தில ஐஞ்சு வீதமோ அதுக்கு மேலயோ குறைஞ்சா ஹோம் அதை மதிப்பிட்டு நடவடிக்கை எடுக்கவேணும் எண்டு விதி இருக்கு. ஒருதரும் பாக்கேல்ல, எங்களுக்குச் சொல்லவும் இல்லை. சார்ட்டில "சாப்பாடு மறுத்தார்" எண்டு நாளுக்கு நாள் எழுதியிருக்கு. மறுக்கத்தானே செய்வா, அரைச்ச உருளைக்கிழங்கையும் அரைச்ச இறைச்சியையும் அவா சீவியத்தில சாப்பிட்டதில்லை.

சொக்ஸைக் கழட்டிப் பாத்தன். இடது குதிக்காலில ஒரு சிவப்பு, விரலால அமத்தினா வெளிறவேணும், வெளிறேல்ல. அது படுக்கைப் புண் துவங்கிற அடையாளம். தானாத் திரும்ப ஏலாத ஆளை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பவேணும். திருப்பினதாத்தான் பதிஞ்சிருக்கு, ஆனா எல்லா இரவும் பன்னிரண்டு, ரெண்டு, நாலு, ஆறு எண்டு ஒரு நிமிசம் பிசகாமல். ரெண்டு பேர் 32 பேரைப் பாக்கிற இரவில அது நடக்காது. போய்ப் பாக்கிற எல்லாருக்கும் சொல்லுறன், முகத்தையும் சீலையையும் மட்டும் பாத்திட்டு வராதேங்கோ. சொக்ஸைக் கழட்டுங்கோ, நாரியைப் பாருங்கோ, உதடு காய்ஞ்சிருக்கா எண்டு பாருங்கோ.

இரவே எழுத்தில முறைப்பாடு அனுப்பினன். வாயால சொன்னா காத்தோட போகும், எழுதிக் குடுத்தா பத்து வேலை நாளுக்குள்ள அவை பதில் தரவேணும்.

ஏப்ரல் 24, வியாழன்

கெயர் கொன்பரன்ஸ். வந்து ஆறு கிழமைக்குள்ள வைக்கவேணும், நாங்கள் கேட்டபடியா இண்டைக்கே வைச்சினம். டொக்டர், நேஸ், டயற்றீஷியன், நான், போனில தம்பி. குதிக்கால் மெத்தையில முட்டாத மாதிரி கெண்டைக்காலுக்குக் கீழ தலகணி, மெத்தையும் மாத்தினம். தயிர்சோறு, பருப்போட குழைய விட்ட சோறு, றவைக் கஞ்சி எல்லாம் அவையின்ர அளவுக்கு அரைச்சா குடுக்கலாமாம், விழுங்கிறதைப் பரிசோதிக்கிற ஸ்பீச் தெரப்பிஸ்ட் பாத்து ஓம் எண்டவா. மருந்து லிஸ்ட்டை ஒவ்வொண்டா எதுக்கெண்டு கேட்டன். நித்திரைக்கெண்டு ஆஸ்பத்திரியில துவங்கின குளிசையை டொக்டர் படிப்படியா நிப்பாட்டுறன் எண்டார். ஒருதரும் எரிஞ்சு விழேல்ல. பிழை நடந்த இடம்தான், ஆனா சொன்னாக் கேக்கிற இடம், அதையும் நான் எழுதத்தான் வேணும்.

மே 3, சனி

48.6 கிலோ. குதிக்காலில சிவப்பு மறைஞ்சுது. அம்மாவின்ர கப்பை இப்ப எல்லாரும் கைக்குக் கிட்டத்தான் வைக்கினம்.

பக்கத்துக் கட்டிலில ஒரு போர்த்துக்கேய அம்மா. நான் போற நேரங்களில அவாவைப் பாக்க ஒருதரும் வந்து காணேல்ல, வாயும் திறக்கமாட்டா. இண்டைக்கு அவாவின்ர கப் யன்னல் பக்கம் இருந்துது, குதிக்காலுக்குத் தலகணியும் இல்லை. அம்மாவுக்கு எல்லாம் சரியா நடக்கிறது நான் கடிதம் எழுதுற ஆள் எண்டு தெரிஞ்சபடியா எண்டா, இந்த ஹோமின்ர தரம் என்ன எண்டுறதுக்கு அம்மாவின்ர கட்டில் பதிலே இல்லை, அந்தப் பக்கத்துக் கட்டில்தான் பதில். நேசைக் கூப்பிட்டுக் காட்டினன். உடன தலகணி கொண்டுவந்து வைச்சா, ஆனா கேட்டாத்தான் வரும் எண்டா கேக்க ஆளில்லாத ஆக்கள் என்ன செய்யிறது?

ஹோமில இருக்கிற ஆக்களின்ர குடும்பங்கள் சேந்து கூடுற ஃபமிலி கவுன்சிலில பேர் குடுத்திட்டன். அடுத்த கூட்டத்தில மூண்டு விசயம் கேப்பன்: இந்த மாடியில போன மூண்டு மாசத்தில ஐஞ்சு வீதத்துக்கு மேல மெலிஞ்சவை எத்தினை பேர், புதுசாப் புண் வந்தவை எத்தினை பேர், அதில பாக்க ஆள் வராதவை எத்தினை பேர். பேர் வேண்டாம், கணக்குத் தந்தாக் காணும். தமிழ் ஆக்களின்ர அம்மா அப்பா இருக்கிற மற்ற ஹோம்களிலயும் இதே கேள்வியைக் கேளுங்கோ, கேட்டவை என்ன பதில் வந்துது எண்டு எனக்கு எழுதுங்கோ.